மட்டாஞ்சேரியை நடந்தே அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கொச்சிக்குச் செல்பவர்களில் பலர் சீன வலைகளின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, யூதத் தெருவில் ஒரு சுற்று வந்து, இரண்டு பொட்டலம் ஏலக்காய் வாங்கிக்கொண்டு மாலைக்குள் ஆலப்புழைக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் சேர்ந்த அந்தச் சிறு நிலத்தில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கனி உருது, மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று தெருவுக்குத் தெரு வீட்டுமொழி மாறுகிறது. இரண்டு நாள் ஒதுக்கினால் பெரும்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம்.

ஆனால் கட்டடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தால் இதெல்லாம் கண்ணில் படாது. நான் எந்த ஊருக்குப் போனாலும் பின்பற்றும் வழி எளியது. ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். இங்கே இருப்பவர்கள் எதற்காக வந்தார்கள்? வந்து என்ன வேலை செய்தார்கள்? அந்த வேலை இன்றும் நடக்கிறதா? மட்டாஞ்சேரியில் ஒவ்வொரு சமூகமும் ஒரு பிழைப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது. அந்தப் பிழைப்பின் வழியே போனால் அவர்களுடைய சாப்பாடும் வழிபாடும் பேச்சும் தாமாகவே விளங்கிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் நகர்கிறது.

முதல் படி: ஐந்து ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்

தலையணை அளவு வரலாற்று நூல் எதுவும் வேண்டாம். 1341, 1503, 1568, 1663, 1795 ஆகிய ஐந்து ஆண்டுகள் போதும்.

பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பியதாகச் சங்கப் புலவர் பாடிய முசிறி, இன்றைய கொடுங்ஙல்லூரை ஒட்டி இருந்த துறைமுகம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறைமுகத்தை மணலால் தூர்த்துவிட்டு, கொச்சியில் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கப்பல்கள் இடம் மாறியதும் வணிகர்களும் மாறினார்கள். 1503இல் போர்த்துகீசியர் இங்கே கோட்டை கட்டினார்கள். கோவாவில் அவர்கள் செய்த மதக் கெடுபிடிகளைத் தாங்காமல் கொங்கணி பேசும் மக்கள் 16ஆம் நூற்றாண்டில் தெற்கே வந்தார்கள். ஐரோப்பாவில் ஸ்பெயினும் போர்த்துகலும் விரட்டிய யூதர்களில் சிலரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஏற்கெனவே மலபாரில் நெடுங்காலமாக யூதர்கள் வாழ்ந்துவந்த நிலையில், பரதேசிகள் என்று பெயர் பெற்ற புதியவர்கள் 1568இல் தங்களுக்கென்று ஒரு ஜெபாலயம் கட்டிக்கொண்டார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இந்த ஆண்டுகளைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் புரியும். இங்கே வந்தவர்களில் பாதிப் பேர் வியாபாரத்துக்காக வந்தார்கள். மீதிப் பேர் தப்பிப் பிழைக்க வந்தார்கள். இரு தரப்பாருக்கும் இடம் கொடுத்தவர்கள் கொச்சி அரசர்கள். துறைமுகம் செழித்தால்தான் அரசு செழிக்கும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இரண்டாம் படி: கிழமை பார்த்துப் போங்கள்

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். பரதேசி ஜெபாலயம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் போனாலும் ஏமாற்றம்தான். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பஜார் சாலையின் மொத்த வணிகக் கடைகள் கதவடைத்திருக்கும். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை எந்த இரண்டு நாளும் நல்லது. வார இறுதியில் போய்விட்டு "பார்க்க ஒன்றுமில்லை" என்று திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கிழமையை முன்பே விசாரித்திருந்தால் அவர்கள் வேறோர் ஊரைப் பார்த்திருப்பார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு இதமாக இருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறிவிடும்.

மூன்றாம் படி: தண்ணீர் வழியாக நுழையுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் எர்ணாகுளம் வந்து இறங்குபவர்கள் ஆட்டோ பிடித்துப் பாலங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் கோட்டைக் கொச்சிக்குப் போகின்றன. உயர் நீதிமன்றத்துக்கு அருகிலிருந்து வாட்டர் மெட்ரோவும் போகிறது. எந்தப் படகாக இருந்தாலும் கட்டணம் மிகக் குறைவு. படகின் இடப்பக்கம் வெலிங்டன் தீவு தெரியும். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி ஆங்கிலேயர் உண்டாக்கிய தீவு அது. எதிரே, கரையோரம் முழுவதும் ஓடு வேய்ந்த பண்டகசாலைகள் தண்ணீரில் கால் வைத்தாற்போல வரிசையாக நிற்கும். அந்தப் பண்டகசாலைகளின் படித்துறைகளில்தான் இந்த ஊரின் எல்லாச் சமூகங்களுக்கும் சோறு போட்ட மூட்டைகள் ஏறி இறங்கின.

தங்குவதற்குக் கோட்டைக் கொச்சியில் குடும்பத்தார் வாழும் வீட்டிலேயே அறை தரும் விடுதிகள் நிறைய உண்டு. பெரிய ஓட்டலைவிட அதுவே மேல். காலைப் பலகாரத்தின்போது அந்த வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பெறும் தகவல் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

நான்காம் படி: முதல் நாள் காலை, பஜார் சாலை

கோட்டைக் கொச்சியிலிருந்து கல்வத்தி வழியாகக் கிழக்கே நடக்கத் தொடங்குங்கள். தண்ணீரை ஒட்டி நீளும் பஜார் சாலை யூதத் தெரு வரை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வழியெங்கும் பழைய சரக்குக் கிடங்குகள். சாலைப் பக்கம் குறுகலான கதவு, உள்ளே போனால் நீண்ட முற்றம், முற்றத்தின் கோடியில் படகுத்துறை. அமைப்பிலேயே வியாபாரத்தின் கதை இருக்கிறது. உள்நாட்டிலிருந்து வள்ளத்தில் வந்த சரக்கு தண்ணீர்ப் பக்கத்தில் இறங்கும், முற்றத்தில் காயும், நிறுத்த பிறகு மறுபடியும் கப்பலுக்குப் போகும்.

ஏதாவது ஒரு கிடங்கின் வாசலில் சற்று நேரம் நில்லுங்கள். சுக்கின் காரமான மணம் முதலில் வரும், பிறகு மிளகு, பிறகு சாக்கின் மக்கிய வாடை. வியாபாரம் முன்போல் இல்லை. கிடங்குகள் பலவும் காட்சிக்கூடங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன. கிடங்கு வேலை இன்னும் நடக்கும் இடங்களில் வாசலில் நின்றபடி ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் உள்ளே வந்து பார்க்கச் சொல்வார்கள். வேலை நேரத்தில் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

இந்தச் சாலையில் முதலாளிகளை மட்டும் நினைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. இங்கே மூட்டை சுமந்தவர்களுக்கு வெகுகாலம் நிரந்தர வேலை கிடையாது. காலையில் திரண்டு நிற்கும் தொழிலாளர்களின் நடுவே கங்காணிகள் உலோக வில்லைகளை வீசுவார்கள். யார் பாய்ந்து பிடிக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைய வேலை. சாப்பா என்று பெயர் பெற்ற அந்த முறைக்கு எதிராக 1953இல் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஒரே வில்லைக்காக மோதிக்கொண்டவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் இருந்தார்கள். பிறகு ஒரே கொடியின் கீழ் நின்றவர்களும் அவர்கள்தாம். மட்டாஞ்சேரியின் பன்மையைப் பற்றிப் பேசுபவர்கள் இதை விட்டுவிட்டு ஜெபாலயத்துக்கு ஓடிவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

ஐந்தாம் படி: யூதத் தெருவின் இரு முனைகளையும் பாருங்கள்

இந்தத் தெருவுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலோர் வடக்கு முனையில் இருக்கும் பரதேசி ஜெபாலயத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியவை உண்மையிலேயே நிறைய. 1760இல் கட்டிய கடிகாரக் கோபுரம். அரண்மனைக் கோயிலுக்கு மிக அருகிலேயே அரசர் கொடுத்த நிலம். போர்த்துகீசியர் 1662இல் எரித்த கட்டடத்தை டச்சுக்காரர் வந்த பிறகு மீண்டும் எழுப்பிய வரலாறு. உள்ளே நுழையும்போது காலணியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் காலுக்கு அடியில் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. முதல் பார்வைக்கு எல்லாம் ஒரே படம்போலத் தோன்றும். குனிந்து பார்த்தால் ஓட்டுக்கு ஓடு கோடுகள் வேறுபடும்.

இந்த அழகோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கொச்சி அரசர்கள் யூதர்களுக்கு ஆதரவாக இருந்தார்கள் என்பது பெருமைக்குரிய உண்மை. ஆனால் யூதர்களுக்குள்ளேயே கோடுகள் இருந்தன. பரதேசி யூதர்கள், முன்பிருந்தே இங்கே வாழ்ந்த மலபாரி யூதர்களைத் தங்களுக்குச் சமமாக ஏற்கவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்கள் இதே ஜெபாலயத்தில் இருக்கையில் உட்கார முடியாது, தரையில்தான் உட்கார வேண்டும். அந்தப் பிரிவில் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம், காந்தியின் வழியைப் பின்பற்றி ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் விலகின. அவரை "யூத காந்தி" என்று அழைத்தார்கள். இந்தத் தெரு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நறுமணப் பொருள் கடைகளின் முகவரிப் பலகைகளில் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

பன்மைப் பண்பாட்டைத் தேடிப் போகிறவர்கள் ஒவ்வொரு சமூகத்தையும் ஒரே உருவமாகப் பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும். உள்ளே யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்று கேட்க வேண்டும். இதே மட்டாஞ்சேரியில் 1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி, போர்த்துகீசியத் திருச்சபை ஆதிக்கத்துக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று, ஐரோப்பியர் வருமுன்பே கேரளத்தில் வாழ்ந்துவந்த சுரியானி கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்தார்கள். சிலுவையில் கயிறு கட்டி, கூட்டம் முழுவதும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உறுதி எடுத்ததாகச் சொல்வார்கள். கூனன் குரிசுப் பள்ளி அந்த நினைவோடு இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒன்று, வெள்ளைக்காரனோடு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அங்கே ஒருமுறை போய்வர வேண்டும்.

இப்போது தெருவின் தெற்கு முனைக்கு நடந்து வாருங்கள். கடைகள் குறைந்துவிடும், சுற்றுலாப் பயணிகள் யாரும் இருக்க மாட்டார்கள். மலபாரி யூதர்களின் கடவும்பாகம் ஜெபாலயம் இங்கேதான் இருந்தது. 1948இல் இஸ்ரேல் உருவான பின், 1950களில் மலபாரி யூதர்கள் பெருமளவில் அங்கே குடிபெயர்ந்தார்கள். வழிபட ஆள் இல்லாத அந்தக் கட்டடம் சரக்குக் கிடங்காகிச் சீரழிந்தது. அதன் மரவேலைப்பாடுகள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. பரதேசி ஜெபாலயத்திலேயே உள்ளூர்க்காரர்களை வைத்து அந்த எண்ணிக்கையை நிரப்ப முடியாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாவது கேள்வி இங்கே கனமானது.

அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. போர்த்துகீசியர் 1555இல் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. இராமாயணச் சுவரோவியங்களுக்காகவே உள்ளே போகலாம்.

ஆறாம் படி: நண்பகலுக்குக் குஜராத்தி சாலை

யூதத் தெருவிலிருந்து குஜராத்தி சாலைக்கு நடந்து போகும் தூரம்தான். 1904இல் கட்டிய தர்மநாதர் சமணக் கோயிலில் நண்பகலை ஒட்டிப் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். மணியோசை கேட்டதும் புறாக்கள் கூட்டமாகக் கோயிலைச் சுற்றிப் பறந்து முற்றத்தில் இறங்கும். தோள் மறையும் உடை அணிந்து போங்கள், தோல் பொருள்களை வெளியிலேயே வைத்துவிடுங்கள்.

இந்தச் சாலையிலும் சுற்றுத் தெருக்களிலும் குஜராத்தி இந்துக்கள், சமணர்கள், கச்சி மேமன் முஸ்லிம்கள் எல்லாரும் வாழ்ந்திருக்கிறார்கள். மதம் வேறு, ஆனால் புறப்பட்டு வந்தது மேற்கிந்தியாவின் ஒரே பகுதியிலிருந்து. மிளகு, சுக்கு, கொப்பரை, அரிசி, பருத்தி என்று ஒரே சந்தையில் வாங்கி விற்றார்கள். குஜராத்தி சமூகம் நடத்தும் பள்ளி ஒன்றும், மேமன் வணிகர்களான ஹாஜி ஈசா ஹாஜி மூசா பெயரில் ஒரு பள்ளியும் மட்டாஞ்சேரியில் உண்டு. சம்பாதித்த ஊரிலேயே பள்ளிக்கூடம் கட்டியவர்கள் அந்த ஊரை வந்துபோகும் இடமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பசி எடுக்கும் நேரம் இது. சாந்திலால் மிட்டாய்க் கடையில் குஜராத்தி இனிப்பும் காரமும் கிடைக்கும். வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமென்றால் காயீஸ் என்ற பழைய பிரியாணிக் கடைக்குப் போங்கள். சிறுமணி அரிசியில், மசாலா கடுமையாக இல்லாமல், பேரீச்சம்பழ ஊறுகாயோடு வரும். ஆம்பூர், திண்டுக்கல் பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு முதல் கவளம் சாதுவாகத் தோன்றலாம். பொறுமையாகச் சாப்பிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் தாமதிக்காமல் போவது நல்லது.

இங்கிருந்து கிளம்புமுன் ஒரு சிறிய ஏற்பாடு. பையில் இருக்கும் அழுக்குத் துணிகளில் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு மாலைக்குள் வெளி என்ற பகுதியில் உள்ள தோபிகானா என்னும் சலவைக் கூடத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஏன் என்பது எட்டாம் படியில் தெரியும்.

ஏழாம் படி: மாலையில் செறளாயி

கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர்களின் பகுதி செறளாயி. நடுவில் திருமலை தேவஸ்வம் கோயில், பெரிய குளம், சுற்றிலும் வீடுகள். மாலை நடை திறந்ததும் போங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடு போக வேண்டியிருக்கும், ஆகவே ஒரு வேட்டி கையோடு இருக்கட்டும். உள்ளே கேட்கும் பேச்சில் மலையாளமும் இருக்கும், காது பழகியதும் கொங்கணியைப் பிரித்துக் கேட்கலாம். சுற்றியுள்ள சிறு கடைகளில் அப்பளமும் வற்றலும் ஊறுகாயும் வாங்கிக்கொள்ளலாம். மட்டாஞ்சேரியிலிருந்து வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போக விரும்பினால் ஏலக்காயைவிட இவற்றைத்தான் நான் சொல்வேன். இவற்றைச் செய்த கைகள் அடுத்த தெருவில் இருக்கின்றன.

கொங்கணிகள் வியாபாரிகளாக மட்டும் வரவில்லை. டச்சு ஆளுநர் வான் ரீட் மலபாரின் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகளில் ஒரு லத்தீன் நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நூலுக்கு மருத்துவ அறிவைக் கொடுத்தவர்களில் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களும் முக்கியமானவர்கள். மூவரும் கொங்கணியில் எழுதிக் கொடுத்த சான்றிதழ் நாகரி எழுத்திலேயே முதல் தொகுதியில் இடம்பெற்றிருக்கிறது. கோவாவில் ஓர் ஐரோப்பிய அரசிடமிருந்து தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள், கொச்சியில் இன்னோர் ஐரோப்பிய அரசின் நூலில் கையெழுத்திட்டார்கள். செறளாயியின் குளக்கரையில் உட்கார்ந்து இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

எட்டாம் படி: இரண்டாம் நாள் அதிகாலை, தோபிகானா

தமிழர்களாகிய நாம் தவறவே விடக்கூடாத இடம் இது. டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் சீருடைகளை வெளுக்கத் தமிழ்ப் பகுதியிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பியர்கள் போய்விட்டார்கள், குடும்பங்கள் தங்கிவிட்டன. ஒரு காலத்தில் குளங்களில் துவைத்தவர்களுக்காக 1976இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் இந்தக் கட்டடத்தைக் கட்டிக்கொடுத்தது. தனித்தனித் துவைப்புத் தொட்டிகள், நடுவில் பெரிய உலர்த்தும் மைதானம், ஒரு பக்கம் இஸ்திரி போடும் கூடம்.

சூரியன் ஏறுமுன் போனால் துவைப்பைப் பார்க்கலாம். துணி கல்லில் விழும் ஓசை ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் வேறு வேறு தாளத்தில் வரும். வெள்ளைத் துணிகள் நீலத்தில் நனைந்து, அரிசிக் கஞ்சியில் தோய்ந்து வெயிலுக்குப் போகும். உலர்த்தும் கயிறுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். கிளிப் எதுவும் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் முனையை முறுக்குக்குள் செருகினால் எவ்வளவு காற்று அடித்தாலும் பறக்காது, இழுத்தால் உடனே வந்துவிடும், துணியில் தடமும் விழாது. இஸ்திரிக் கூடத்தில் கரி போட்ட கனத்த பெட்டிகள் இன்றும் உழைக்கின்றன.

இங்கேதான் நேற்று கொடுத்த துணி உதவுகிறது. வேடிக்கை பார்க்க வந்தவராக நிற்காமல், துணி வாங்க வந்தவராக நிற்பீர்கள். பேச்சு தானாகத் தொடங்கும். நான் ஒரு பெரியவரிடம் "வணக்கம் ஐயா" என்றதும் அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். கோயம்புத்தூர் என்றேன். "எங்கள் முன்னோர்களும் அந்தப் பக்கம் தாண்டித்தான் வந்தார்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அவர்கள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், இந்தத் தொழிலுக்கு வர மாட்டார்கள். "வர வேண்டாம் என்றுதான் படிக்க வைக்கிறோம்" என்றார். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். பண்பாட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று பயணிகளாகிய நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஈரத் தொட்டியில் நின்று முதுகு ஒடிவது நாமல்ல.

ஒன்பதாம் படி: பெயர்ப்பலகை இல்லாதவர்களைத் தேடுங்கள்

தோபிகானாவிலிருந்து கோட்டைக் கொச்சியின் மற்ற இடங்களுக்குப் போகலாம். 1503இல் தொடங்கிய புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவை 1524இல் அடக்கம் செய்து, பின்னர் எச்சங்களைப் போர்த்துகலுக்குக் கொண்டுபோனார்கள். டச்சுக் கல்லறை பக்கத்தில் இருக்கிறது. சீன வலைகளைப் பார்க்க அதிகாலையே சிறந்தது. எதிர்ப்பாரமாகக் கயிறுகளில் தொங்கும் கற்களும், வலையை மேலே தூக்க நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கும் இழுவையும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். இவற்றை விரைவாக முடித்துவிடலாம், வழிகாட்டிப் பலகைகள் ஏராளம்.

பலகைகள் சொல்லாத ஒருவரைத்தான் தேடிப் போக வேண்டும். மட்டாஞ்சேரியின் மங்ஙாட்டுமுக்கில் காப்பிரி முத்தப்பனுக்கு ஒரு சிறிய வழிபாட்டிடம் உண்டு. போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். டச்சுப்படை நெருங்கியபோது செல்வத்தைப் புதைத்து, காவலுக்கு அந்த அடிமைகளைக் கொன்று கூடவே புதைத்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். அவர்களின் ஆவி இன்னும் அலைகிறது, வழி தவறியவர்களுக்கு வழி காட்டுகிறது, கேட்டவர்களுக்கு உதவுகிறது என்பது நம்பிக்கை. சுருட்டும் கள்ளும் முட்டையும் படைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஏற்றுபவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. கல்லறையோ பெயரோ இல்லாமல் போனவர்களை இந்த ஊர் இந்த ஒரு வகையில் நினைவில் வைத்திருக்கிறது. கேலியாகப் படம் எடுக்காமல், அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள்.

கோட்டைக் கொச்சியின் பழைய அடுமனைகளில் ப்ரூடர் என்ற ரொட்டியைக் கேட்டுப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்து வழக்கம். கொழும்பில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளோடு பழகியவர்களுக்குப் பெயர் பழக்கமாகவே இருக்கும். அங்கே கிறிஸ்துமஸ் காலத்தில் செய்வார்கள். இரண்டு கரைகளையும் ஒரே டச்சுக் கம்பெனி ஆண்டதன் சுவடு அது.

பத்தாம் படி: பேசும் முறை

மலையாளம் தெரியாது என்று தயங்க வேண்டாம். மெதுவாகப் பேசும் தமிழ் இங்கே பெரும்பாலோருக்குப் புரியும். "சேட்டா", "சேச்சி" என்று அழைத்தால் முகம் மலரும், முஸ்லிம் கடைக்காரர்களிடம் "இக்கா" பொருந்தும். நீங்கள் எந்த மதம், எந்தச் சாதி என்று நேரடியாகக் கேட்காதீர்கள். "குடும்பம் இங்கே எத்தனை தலைமுறையாக இருக்கிறது?" என்று கேட்டால் மீதியை அவர்களே சொல்வார்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பது அடுத்த நல்ல கேள்வி. முகங்களைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், வழிபடுகிறவர்களைக் கேட்காமல் ஒருபோதும் எடுக்காதீர்கள். யூதத் தெருவில் எஞ்சியிருக்கும் வீடுகளின் சன்னலுக்குள் எட்டிப் பார்க்கும் பயணிகளை நான் கண்டிருக்கிறேன். அது அநாகரிகம்.

கேட்டதை அன்றிரவே எழுதிவைத்துவிடுங்கள். தெருவின் பெயர், பேசியவரின் தொழில், வீட்டுமொழி, எத்தனை தலைமுறை. பெயர்களை எழுத வேண்டியதில்லை.

பதினோராம் படி: அதே மூன்று கேள்விகளோடு உங்கள் ஊருக்குள் போங்கள்

மட்டாஞ்சேரியில் பழகிய கண்ணோடு வீடு திரும்பியதும், தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் தெருக்களில் ஒன்றில் இறங்கி நடக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய தேவாலயத்தில் தொடங்கி, மண்ணடி வழியாகச் சௌகார்பேட்டையின் தங்கசாலைத் தெருவுக்கு நடக்கலாம். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே மாலையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிக்காரரிடம், அவர் குடும்பம் 1960களில் பர்மாவிலிருந்து எப்படித் திரும்பியது என்று கேட்கலாம். இராயபுரத்தில் 1910இல் கட்டிய பார்சி அக்கினிக் கோயிலுக்குள் மற்றவர்கள் போக முடியாது, வெளியே நின்று பார்த்துவிட்டு நகருங்கள். மதுரைக்காரர்களுக்குத் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரத் தெருக்கள் இருக்கின்றன. நெசவாளர்களாக வந்தவர்கள் அவர்கள். தறி ஓசை இப்போது எந்தெந்தத் தெருக்களில் கேட்கிறது, எங்கே நின்றுவிட்டது, எப்போது நின்றது என்பதை அந்தத் தெருப் பெரியவர்களிடமே கேட்டு முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.